பட்டியலில் இல்லாத ஊர்

மரண அறிவித்தலில் பிறப்பிடம் என்ன போடட்டும் என்று உங்கள் மகளிடம் கேட்டேன். ஓமந்தை என்று சொல்லுவாள் என நினைத்து முதல் எழுத்தைத் தட்டியும் விட்டேன். அவள் என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்து, "இல்லை அங்கிள், அது வதிவிடம். பிறப்பிடம் ஆனைக்கல் தோட்டம், கீழ்ப்பிரிவு" என்றாள். நான் அந்த எழுத்தை அழித்தேன். ஆனைக்கல் என்று தட்டினேன். இருபது வருடத்துக்கு மேலாக எழுத்துகளோடு பிழைப்பு நடத்துகிற என் விரல்கள் அந்தப் பெயரை அதற்கு முன் ஒருமுறைகூடத் தட்டியதில்லை.

முதலில் எடுத்த பிரதிகளில் ஓரம் வெட்டுப்பட்டுப் போனது. கறுப்புக் கரை போட்ட அந்தப் பிழைத்த தாள்கள் இன்னும் என் மேசையில் கிடக்கின்றன. உங்கள் படம் உள்ள தாளைக் கசக்கிப் போட மனம் வரவில்லை. நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் முடிந்தது. இதை அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் எழுதித் தந்தது ஒரேயொரு துண்டு. அது பொய். அதனால் இதில் பொய் எழுதக் கூடாது என்று இருக்கிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு. வவுனியாவில் நான் வேலை செய்த கொமினிகேசன் கடை உங்களுக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருந்திருக்கும். முன்னால் தொலைபேசிக் கூண்டுகள், வாங்கில் காத்திருக்கும் சனம், பின்னால் மட்டைத் தடுப்புக்குள் ஒரு கணினி. நீங்கள் இடம்பெயர்ந்தோர் நலன்புரி நிலையத்திலிருந்து நாளாந்தப் பாஸ் எடுத்து நடந்து வருவீர்கள். ஓமந்தைப் பக்கத்து உங்கள் வீடு சண்டைக்குள் போன பிறகு அம்மாவும் நீங்களும் அந்த நிலையத்தில் ஒரு தறப்பாள் மறைப்புக்குள் இருந்தீர்கள். உங்களுக்குக் கடையில் வேலை, கூட்டுவதும் இலக்கம் அழுத்திக் கொடுப்பதும். எனக்கு இருபத்துநாலு வயது, உங்களுக்கு இருபத்தொன்பது. கடைக்கு வருகிற பெண்களை எல்லாம் அக்கா, மாமி, அன்ரி என்று அழைத்த நான் உங்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஏன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஒரு காரணமும் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்குத் தெரிகிறது.

வெளிநாட்டில் இருந்த நம் சனம் கூடுகிற ஓர் அரட்டை அறை அப்போது இன்ரநெற்றில் இருந்தது. பாட்டு, பகிடி, சண்டை, காதல் எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக ஓடும். அதற்கு நடுவே யாராவது ஒருவர், புளியங்குளத்தில் இருந்த இன்னாரின் குடும்பம் எங்கே, தெரிந்தவர்கள் இந்த இலக்கத்துக்குச் சொல்லுங்கள் என்று ஒரு வரி போடுவார். அடுத்த நொடி அது மேலே போய்விடும். கனடாவில் இருந்த என் மச்சான் தன் கணினியை நாள் முழுக்க அந்த அறையில் விட்டுவைத்து, ஓடிய வரிகளைக் கோப்பாகச் சேமித்து ஈமெயிலில் அனுப்புவான். ஒரு நாளைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வரி வரும்.

அதை வாசிக்கத் தொடங்கியவர் நீங்கள்தான். யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. கூட்டி முடித்ததும் கதிரையை இழுத்துப் போட்டு, உதடு அசைய அசைய, ஒவ்வொரு வரியாக இறங்குவீர்கள். தேடுகிற வரி வந்தால் கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்வீர்கள். பின்னேரம் நிலையத்துக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று அதை வாசிப்பீர்கள். உங்கள் அண்ணன் குவைத்துக்குப் போயிருந்தார். நீங்கள் இடம்பெயர்ந்த பிறகு அவர் போட்ட கடிதங்கள் ஆளில்லாத வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். மகனின் குரலை ஒருக்கால் கேட்டுவிட்டால் போதும் என்று அவா சொல்லிக்கொண்டே இருப்பதாக நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். ஊருக்காக வாசித்தீர்கள், உங்களுக்காகவும் வாசித்தீர்கள். கண்ணுக்குள் மண் விழுந்ததுபோல இருக்கிறது என்று இடைக்கிடை தண்ணீர் அடித்துவிட்டு வருவீர்கள்.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். என் கணினியில் ஒருவர் காலை முழுக்க அப்படிக் குந்தியிருப்பது எனக்கு மானக்கேடாகப் பட்டது. அந்த அரட்டை மென்பொருளுக்குள்ளேயே ஸ்கிரிப்ட் எழுத வசதி இருந்தது. அதில் ஒரு கட்டளை. இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் உள்ள வரிகளை மட்டும் கோப்பிலிருந்து எடுத்து வேறொரு சாளரத்தில் போடும். மற்றவை விழுந்துவிடும். நான் ஊர்ப் பெயர்களை வரிக்கு ஒன்றாகத் தனிக் கோப்பில் எழுதி, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பெயராக எடுத்து அரிக்கும்படி செய்தேன். வந்ததை ஊர்வாரியாகவும் ஊருக்குள் பெயர்வாரியாகவும் அடுக்கவும் வைத்தேன். மூவாயிரம் வரி, கண்ணை மூடித் திறக்க முப்பது வரியாக வந்து நின்றது. எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

அந்த ஊர்ப் பட்டியலை அச்செடுத்து உங்களிடம் தந்து, விடுபட்டது இருந்தால் சொல்லுங்கோ என்றேன். பெரிய மனிதன் மாதிரி. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, கொக்கிளாய் என்று போய், யாழ்ப்பாணத்து ஊர்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் தலையில் வேலணை இருந்தது. அது என் அப்பாவின் ஊர். நான் பிறந்தது இரணைமடு வாய்க்கால் பக்கத்துக் குடியேற்றத்திட்டத்தில். வேலணையை நான் கண்டது இரண்டு தரம், இரண்டும் செத்தவீட்டுக்கு. ஆனாலும் யார் கேட்டாலும் என் ஊர் வேலணை.

நீங்கள் பட்டியலின் அடியில் பென்சிலால் ஒரு பெயர் எழுதித் தந்தீர்கள். ஆனைக்கல்.

"இதெங்க கிடக்கு?" என்று கேட்டேன்.

"மலைநாட்டில. நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டம். ஆறு வயசில கலவரத்தோட இஞ்சால வந்தனாங்கள்."

"அப்ப அது உங்கட ஊர் இல்லையெல்லே. நீங்கள் இப்ப ஓமந்தை." அதோடு நிறுத்தியிருக்கலாம். முன்னால் வாங்கில் ஆட்கள் இருந்தார்கள், என் ஸ்கிரிப்ட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் அடுத்ததைச் சொன்னேன். "தோட்டக்காட்டில இருந்து ஆர் இன்ரநெற்றில வந்து நிண்டு தேடப்போகினம்?"

வாங்கில் இருவர் சிரித்தார்கள். என் மேசையிலிருந்த அழிறப்பரை எடுத்து, நீங்கள் எழுதியதை நீங்களே அழித்தீர்கள். தூளை ஊதிவிட்டுத் தாளை என்னிடம் தந்தீர்கள். அழித்த இடம் கொஞ்சம் பளபளவென்று இருந்தது.

அன்றிலிருந்து கோப்பை நீங்கள் வாசிக்கவில்லை. தேவையில்லை என்று நான்தான் சொன்னேன். நான் அரித்து அடுக்கித் தருகிற தாளை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனீர்கள். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் நான் கெட்டிக்காரனாக இருந்தேன். கொக்கிளாய்த் தாயொருத்திக்கு மகனின் இலக்கம் கிடைத்தது. அவா என் தலையைத் தடவி, நீ நல்லா இருப்பாய் ராசா என்றா. நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள். உங்கள் கண் மட்டும் என் கையிலிருந்த தாளின் அடி வரைக்கும் போய்த் திரும்பியது. ஓமந்தை என்ற தலைப்பின் கீழ் உங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

புரட்டாதியில் ஒரு நாள் மழை. கடையில் ஆளில்லை. நீங்கள் அன்று வரவில்லை, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தீர்கள். அந்தக் கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் அது மறுபக்கமாக வேலை செய்யும். பொருந்தியதை விட்டுவிட்டுப் பொருந்தாததைக் காட்டும். மூன்று மாதமாக நான் விழுத்திய குப்பையில் என்ன பகிடி கிடக்கிறது என்று பார்க்கத்தான் அதை ஓட்டினேன். பாட்டு வரிகள், பொடியள் பெட்டையளைச் சீண்டியவை, தூசணங்கள் எல்லாம் வந்தன. அகர வரிசையில் அடுக்கும்படி சொன்னேன். அடுக்கியதும் முதல் பக்கத்திலேயே ஒரே மாதிரி ஆறு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றது.

ஆனைக்கல் தோட்டம், கீழ்ப்பிரிவு, நாலாம் லயம். அம்மாவையும் தங்கச்சியையும் தேடுகிறேன். இந்த இலக்கத்துக்கு எடுத்துப் பெரியவன் என்று கேட்டால் கூப்பிட்டுத் தருவார்கள்.

ஆறும் ஆறு வெள்ளிக்கிழமை. முதலாவது ஆடியில். கடைசி வரிக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் என்ன செய்தேன் என்று எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இப்போது கை பின்வாங்குகிறது. அன்றைக்குப் பின்வாங்கவில்லை. ஐந்து வரியை அழித்தேன். கடைசி வரியை வைத்துக்கொண்டு, அதன் முன்னால் இருந்த திகதியை எடுத்துவிட்டு, அன்றைய திகதியைப் போட்டேன். ஓரத்தில் துளையுள்ள அந்த நீளத்தாளில் அச்செடுத்துத் துண்டாகக் கிழித்தேன். எல்லாம் பத்து நிமிட வேலை. வாங்கில் இருந்தவர்களைச் சிரிக்கவைத்தவனுக்கு, அவர்கள் முன்னால் பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வராது என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் நீங்கள் வந்தபோது, நேற்று வந்தது என்று தந்தேன். பெரியவன் என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றீர்கள். வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயராம். கூண்டுக்குள் போய் அந்த இலக்கத்தை நீங்களே அழுத்தினீர்கள். விளங்காத பாஷையில் பதிவுசெய்த குரல் ஒன்றுதான் வந்தது. மறுபடி அழுத்தினீர்கள். மூன்றாம் தரமும் அதுதான். அரட்டை அறையில் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள், போட்டேன், பெரியவன் என்று ஒருவரும் வரவில்லை.

கூண்டை விட்டு வெளியே வந்து நீங்கள் சொன்னது இது. "நேற்று எழுதினவர் இண்டைக்கு இல்லை. ஒரு நாள் பொறுத்திருக்கேலாமப் போச்சே அண்ணாவுக்கு."

நான் தலையாட்டினேன். ஓம், சில பேர் அப்பிடித்தான் என்றும் சொன்னேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஐப்பசியில் அம்மா போய்விட்டா. நிலையத்தின் பொதுக்கொட்டிலில் செத்தவீடு. நான் சைக்கிளில் வந்து ஒரு கரையில் நின்றேன். அவா கடைசியாகக் கதைத்ததைப் பக்கத்து மறைப்புக்காரி வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. ஒரு தரம் எழுதிப்போட்டு ஓடிட்டான், அவன் அப்பனப் போல, என்னத் தேட வேணாம்னு சொல்லுங்க. அப்படிச் சொல்லிவிட்டு அவா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாவாம். நான் அந்த மனுசியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வெள்ளிக்கிழமை வந்து நின்ற மகனை ஒரு நாள் பொறுக்காதவன் ஆக்கியது நான். அதை அவரின் தாய் நம்பிக்கொண்டு போனா. உங்களிடம் வந்து சொல்ல அப்போதும் எனக்கு நேரம் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

பாதை திறந்து, போக்குவரத்து இலகுவான பிறகு நீங்கள் ஆனைக்கல்லுக்குப் போனீர்கள். இருபது வருடத்துக்கும் கூடிய இடைவெளிக்குப் பிறகு, சித்தியைப் பார்க்க. போய்வந்து கடைக்கு வந்தபோது உங்கள் முகம் வேறு மாதிரி இருந்தது. அரட்டை அறையில் ஒன்றும் நடக்காததால் அண்ணன் தோட்டத்துச் சித்தி வீட்டுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவா அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருக்கிறா. ஆறு தரம் எழுதிப் பார்த்ததும், ஆவணியோடு வேலை ஒப்பந்தம் முடிந்து வேறு நாட்டுக்கு மாறியதும் அதில் இருந்திருக்கும். நீங்கள் அது எதையும் சொல்லவில்லை. கடிதம் கிடந்தது என்று மட்டும் சொன்னீர்கள். நான் சந்தோஷம் என்றேன்.

அடுத்த வருடம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். கறுத்து மெலிந்த, சிரித்த முகம். இவர்தான் எடுத்துத் தந்தவர் என்று நீங்கள் அறிமுகம் செய்ய, அவர் என் வலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப உபகாரம் தம்பி. ஆறு வெள்ளிக்கெழம போயி அடிச்சேன். பேரப் போடப் பயமா இருந்திச்சி. ஓமந்தனு போடவும் பயம். ஆனைக்கல்னு போட்டா நம்ம வீட்டு ஆளுக்கு மட்டும் வெளங்கும்னு நெனச்சேன். மொத வெள்ளியே கெடைக்காம எப்புடிப் போச்சோ."

அவர் என்னிடம் பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில்தான் உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு நீங்கள் அவர் பக்கம் திரும்பி, எங்களோடு ஒருநாளும் பேசாத வீட்டுப் பேச்சில் சொன்னீர்கள். "இவருக்கு ஒரே வேல அண்ணே. தெனமும் எல்லாத்தையும் பாக்க ஏலாதில்ல."

நீங்கள் என்னைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மன்னித்தும் விட்டீர்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மனம் லேசாகக்கூட இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். தெருமுனை வரை போன நீங்கள் குடையை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்தீர்கள். கதவருகே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்.

"உங்களுக்காக நான் சொல்லாம விடேல்ல. அம்மா கேட்டுக்கொண்டு கிடந்த நேரம் தன்ர வரி இந்தக் கடைக்குள்ளயே கிடந்தது எண்டு தெரிஞ்சா அண்ணா தாங்கமாட்டார். அதுக்காகத்தான். நீங்களும் சொல்லாதேங்கோ."

குடையை எடுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை நாங்கள் எடுக்கவே இல்லை. ஓமந்தையில் திரும்பக் குடியேறினீர்கள், கலியாணம் கட்டினீர்கள், மகள் பிறந்தாள். நான் சொந்தமாக இந்த அச்சுக்கடையைப் போட்டேன். உங்கள் மகளின் சாமத்திய வீட்டு அழைப்புக் காட்டையும் என்னிடம்தான் அடிக்கத் தந்தீர்கள். பிழை பார்க்கக் கொடுத்தால் ஒவ்வொரு வரியாக, உதடு அசைய அசைய வாசிப்பீர்கள். நான் எதிரே இருந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ தரம் அக்கா என்று கூப்பிட வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்காமல் அந்தச் சொல்லுக்குப் போக முடியவில்லை. மன்னிப்புக் கேட்டால் நீங்கள் தருவீர்களோ என்றும் பயம், தரமாட்டீர்களோ என்றும் பயம். இருபது வருடம் உங்களைப் பெயர் சொல்லியே கூப்பிட்டேன்.

அறிவித்தல் அடித்து முடிந்ததும் உங்கள் மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். உங்களைப் போலவே வாசிக்கிறாள். போகும்போது, அம்மா உங்களைப் பற்றிச் சொல்லுறவா என்றாள். என்ன சொல்லுறவா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீங்கள் எல்லாத்தையும் நல்லா வடிவா அடுக்குவீங்கள் எண்டு" என்றாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். நீங்கள் எப்படிச் சொன்னீர்களோ, நான் கேட்கவில்லை.

அந்த அறிவித்தலை ஓமந்தைச் சந்தியில் மின்கம்பத்தில் ஒட்டியிருந்தார்கள். முதல் வரியில் ஆனைக்கல் இருந்தது. சந்தியில் நின்ற ஒருவர் வாசித்துவிட்டு, ஆனைக்கல் எங்க இருக்கு என்று என்னைக் கேட்டார். மலைநாட்டில் என்றேன். அவாவின் ஊர் என்றேன்.

செத்தவீட்டில் உங்கள் அண்ணன் என்னைக் கண்டதும் எழும்பி வந்தார். தலை நரைத்துவிட்டது. என் கையை மறுபடியும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்களிடம் சொன்னார். "இவருதான். அன்னைக்கி என் வரியப் பாத்து எடுத்து தங்கச்சிகிட்ட குடுத்தது இவருதான்." அவர்கள் எழும்பி நின்று என்னைக் கும்பிட்டார்கள். ஒரு வயதான மனிதர் தன் கதிரையை விட்டு எனக்குத் தந்தார்.

சொல்லாதேங்கோ என்று நீங்கள் சொன்னீர்கள் அக்கா. நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.